விட்சர் 4 வருமுன் எதை ஆடி முடிப்பது?

2024 டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் விழாவில் விட்சர் 4 வீடியோ கேமின் முதல் முன்னோட்டம் வெளியானதிலிருந்து, கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடும் விட்சர்களைப் பற்றிய இந்தத் தொடருக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: பழைய மூன்று பாகங்களையும் ஆடியே தீர வேண்டுமா? "ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போ" என்பதே பெரும்பாலும் கிடைக்கிற பதில். வேறு தொடர்களுக்கு அது சரியாக இருக்கலாம், இதற்கு ஒத்துவராது. நான்காம் பாகத்தின் நாயகி ஸிரி, பழைய பாகங்களின் நாயகன் கெரால்ட் மகளாக வளர்த்த பெண். முதல் இரண்டு பாகங்களில் அவள் வருவதே இல்லை.

நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்று பாகங்களும், மூன்றாம் பாகத்தின் இரண்டு கூடுதல் கதைகளும் சேர்ந்தால் சுமார் 190 மணி நேரம். வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர் வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினாலும் 32 வாரம் ஓடிவிடும். தயாரிப்பாளரான சிடி ப்ராஜெக்ட் ரெட், 2026 முடிவதற்குள் ஆட்டத்தை வெளியிடும் திட்டம் இல்லை என்று 2025 மார்ச்சிலேயே முதலீட்டாளர்களிடம் சொல்லிவிட்டது. ஆகவே அவகாசத்துக்குக் குறைவில்லை. ஆர்வம்தான் நடுவழியில் தீர்ந்துபோகும். முதல் பாகத்தில் உற்சாகமாக இறங்கி, இரண்டாம் அத்தியாயத்தின் சதுப்பு நிலத்தில் இங்குமங்கும் ஓடிக் களைத்து, ஸிரியைப் பார்க்காமலேயே தொடரைக் கைவிடுவது எளிதில் நடக்கிற விபத்து.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. மூன்றையும் வரிசையாக ஆடலாம். மூன்றாம் பாகத்தை மட்டும் ஆடலாம். ஆந்திரேய் சப்கோவ்ஸ்கியின் மூலக் கதைகளைப் படித்துவிட்டு மூன்றாம் பாகத்துக்குப் போகலாம். எதையும் தொடாமல் நேராக நான்காம் பாகத்தில் இறங்கலாம். மூன்றாம் பாகத்தின் முடிவுகளைத் தொடாமல் இவற்றை ஒப்பிட முடியாது. கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கேயே நிறுத்தலாம்: மூன்றாம் பாகம் போதும், ஆனால் மூடுபனித் தீவுக்குப் போகுமுன் நோவிகிராட் நகரத்தின் துணைக் கதைகளை முடித்துவிடுங்கள்.

புதிய பாகம் எந்தப் பக்கம் போகிறது

எதை ஆடுவது என்று முடிவு செய்ய, நான்காம் பாகம் எதைக் கையில் எடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறு நிமிட முன்னோட்டத்தின் கதை சுருக்கமானது. மியோனி என்ற இளம்பெண்ணை ஊரார் காட்டில் இருக்கும் அரக்கனுக்குக் காணிக்கையாக அனுப்புகிறார்கள். ஸிரி குறுக்கே வந்து அந்த பௌக் அரக்கனைக் கொல்கிறாள். ஊருக்குத் திரும்பினால், ஊராரே அந்தப் பெண்ணைக் கொன்றிருக்கிறார்கள். வாள் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, ஆனாலும் யாரும் பிழைக்கவில்லை. விட்சர் கதைகளின் உயிர்நாடி இதுதான். நாயகி மாறினாலும் அதை விட்டுவிடவில்லை என்று ஆறு நிமிடத்தில் காட்டியது மனதுக்கு நிறைவாக இருந்தது.

பெரிய முடிவு வேறு இடத்தில் இருக்கிறது. முன்னோட்டத்தில் ஸிரியின் கண்கள் பூனைக்கண்கள். சண்டைக்கு முன் மருந்துக் குப்பியைக் காலி செய்கிறாள், சங்கிலியை ஆயுதமாக வீசுகிறாள். அதாவது விட்சர்கள் ஆவதற்கான மூலிகைச் சோதனையை அவள் கடந்துவிட்டாள். தயாரிப்புக் குழுவும் இதை உறுதிசெய்திருக்கிறது. பெரும்பாலான சிறுவர்கள் செத்துப்போகும் சோதனை அது. மூலக் கதைகளில் ஸிரி கேர் மோர்ஹென் கோட்டையில் வாள் பயிற்சி பெறுகிறாள், ஆனால் அந்தச் சோதனைக்கு ஆளாவதில்லை. விட்சர்கள் அவளுக்கு ஊட்டிய காளான்களையும் மூலிகைகளையும் சூனியக்காரி டிரிஸ் கண்டுபிடித்து, அவர்களைக் கடுமையாகக் கண்டிக்கும் இடம் நாவல்களில் முக்கியமானது. அதைப் படித்தவர்களுக்கு இந்தப் பூனைக்கண்கள் உறுத்தும். உறுத்தவும் வேண்டும்.

வடிவமைப்புப் பக்கம் நின்று பார்த்தால் இந்த முடிவின் நியாயம் புரிகிறது. மூன்றாம் பாகத்தில் ஸிரியாக ஆடும் பகுதிகள் குறுகியவை. அவளுக்கு விட்சர்களின் மந்திரக் குறிகள் இல்லை, மருந்துகளும் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் இடம் மாறி வெட்டுவாள், காயம் தானே ஆறிவிடும். அரை மணி நேரத்துக்கு அது விருந்து. அதே சக்தியோடு நூறு மணி நேரம் ஆட விட்டால், ஆற்றங்கரையில் நிற்கும் சாதாரண நீர்ப்பேயைக் கண்டு யார் அஞ்சுவார்கள்? வாளில் எண்ணெய் பூசி, மருந்து குடித்து, மந்திரக் குறி போட்டுச் சண்டையிடும் விட்சரின் படிக்கட்டு இருந்தால்தான் கீழிருந்து மேலே ஏறுகிற உணர்வு வரும். அந்தப் படிக்கட்டில் அவளை ஏற்ற ஒரே கதைவழி, அவளை முழு விட்சராக்குவது.

கழுத்துப் பதக்கமும் மாறியிருக்கிறது. கெரால்ட்டின் ஓநாய் போய், லின்க்ஸ் காட்டுப்பூனை வந்திருக்கிறது. பனியில் கிடக்கும் அந்தப் பதக்கத்தின் படத்தைத்தான் 2022 மார்ச்சில், ஆட்டங்களைக் கட்டும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5-க்கு மாறும் அறிவிப்போடு முதன்முதலில் காட்டினார்கள். இடமும் புதிது. 2025 ஜூனில் காட்டிய தொழில்நுட்ப விளக்கம் வடக்கே இருக்கும் கோவிர் நாட்டின் வால்ட்ரெஸ்ட் துறைமுக ஊரில் நடக்கிறது. ஸிரி ஏறி வரும் குதிரைக்குப் பெயர் கெல்பி. மூலக் கதைகளைப் படித்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஆக புதிய நாயகி, புதிய பதக்கம், புதிய நிலம், புதிய எஞ்சின். பழையதிலிருந்து தொடர்வது ஸிரியின் வாழ்க்கை மட்டுமே. எதை முன்கூட்டியே ஆடுவது என்பதை அந்த அளவுகோலில்தான் நிறுக்க வேண்டும்.

மூன்றையும் வரிசையாக

முதல் பாகம் 2007 அக்டோபரில் கணினிக்கு மட்டும் வந்தது. சண்டை முறை இன்றைய கைகளுக்கு அந்நியமானது. சுட்டியில் தெரியும் வாள் தீப்பற்றும் கணத்தில் சொடுக்கினால் அடுத்த வீச்சு தொடரும், முந்திக்கொண்டால் தொடர் அறுந்துவிடும். பலத்த அடி, வேக அடி, கும்பலுக்கான அடி என்று மூன்று பாணிகள். வேகமான எதிரியிடம் பலத்த அடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் வாள் காற்றைத்தான் வெட்டும். பத்து மணி நேரத்துக்குப் பிறகு இது பழகிவிடும், ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தைத் தாண்ட வேண்டும்.

இந்தப் பாகத்தில் பொன்னான இடம் ஒன்று உண்டு. முதல் அத்தியாயத்தில், இரவில் ஆற்றங்கரையில் வணிகன் ஒருவனின் சரக்குப் பெட்டிகளைக் காவல் காக்க வேண்டும். நீர்ப்பேய்களை வெட்டி முடித்ததும் எல்ஃப் இனக் கிளர்ச்சியாளர்கள் வந்து பெட்டிகளைக் கேட்கிறார்கள். கொடுத்து அனுப்பினால் சண்டையில்லை, நல்லபடியாக முடிந்தது என்று தோன்றும். பல மணி நேரம் கழித்து, அடுத்த அத்தியாயத்தில், விசாரணைக்காகத் தேடிப் போகும் ஆள் அம்பு தைத்துச் செத்துக் கிடப்பான். பெட்டிகளில் இருந்தவை ஆயுதங்கள். பழைய சேவுக்கு, அதாவது முன்பு சேமித்த ஆட்ட நிலைக்குத் திரும்பலாம்தான், ஆனால் இடையில் கழிந்த மணி நேரங்களைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. முடிவெடுத்த உடனே விளைவைக் காட்டாமல் தள்ளிப்போடும் இந்த உத்திதான் தொடரின் கையெழுத்து ஆயிற்று.

ஆனாலும் இப்போதைக்கு முதல் பாகத்தை ஒதுக்கிவைப்பதே நல்லது. ஃபூல்ஸ் தியரி ஸ்டுடியோ இதை அன்ரியல் 5-இல் திறந்த உலக ஆட்டமாகப் புதிதாகக் கட்டிவருகிறது. நான்காம் பாகத்துக்குப் பிறகுதான் அது வரும் என்று சிடி ப்ராஜெக்ட் சொல்லியிருக்கிறது. கதை எங்கும் ஓடிப்போகாது.

2011 மே மாதம் வந்த இரண்டாம் பாகத்தின் விஷயம் வேறு. 25 மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் அத்தியாயத்தின் கடைசியில் அரசுத் தளபதி வெர்னான் ரோச்சுடன் போவதா, எல்ஃப் போராளி யோர்வெத்துடன் போவதா என்ற தேர்வு வரும். அதற்குப் பின் இரண்டாம் அத்தியாயம் முழுவதும் மாறிவிடும். ஒரே முற்றுகையை ஒருவர் கோட்டைக்கு வெளியே இருந்து ஆடுவார், இன்னொருவர் உள்ளே இருந்து ஆடுவார். வேறு ஊர், வேறு மனிதர்கள், வேறு குவெஸ்ட்கள் (ஆட்டம் தரும் பணிகள்). ஒருமுறை ஆடுகிறவர் பாதியைப் பார்க்கவே முடியாது. உழைத்துச் செய்ததில் பாதியை ஆட்டக்காரரின் கண்ணுக்கே காட்டாமல் விடும் துணிச்சல் இதற்குப் பின் இந்தத் தொடரில் இவ்வளவு பெரிதாக வரவில்லை.

இதில் பலர் மாட்டிக்கொள்வது தொடக்கத்திலேயே. பின்னாலிருந்து விழும் அடிக்கு இரு மடங்கு சேதம், அதனால் மூன்று பேர் சூழ்ந்தால் கதை முடிந்தது. பயிற்சிப் பிரிவில் பொசிஷன் என்ற திறனை முதலில் வாங்கினால் அந்தச் சேதம் 150 விழுக்காடாகவும், அதை உயர்த்தினால் சாதாரண அளவாகவும் இறங்கும். சண்டை நடுவில் மருந்து குடிக்க முடியாது, முன்பே தியானத்தில் அமர்ந்து குடித்துவிட வேண்டும். குவென் கவசக் குறி எப்போதும் விரல் நுனியில் இருக்கட்டும்.

தேர்வுகளின் வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவருக்கு இரண்டாம் பாகம் 25 மணி நேரத்துக்குத் தகுதியானது. ஸிரிக்காக மட்டும் ஆடுகிறவர் தாண்டிப் போகலாம்.

மூன்றாம் பாகம் மட்டும்

2015 மே 19 அன்று வந்தது. 2022 டிசம்பர் 14 அன்று வந்த 4.00 புதுப்பிப்போடு ஆடுவதே சிறந்தது. கேமராவை அருகில் கொண்டுவரலாம், குறிகளை வேகமாகப் போடலாம், சேமித்த ஆட்டத்தைக் கணினிக்கும் கன்சோலுக்கும் இடையில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கூடுதல் கதைகளும் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷனை வாங்குங்கள், அடிக்கடி பெரிய தள்ளுபடியில் கிடைக்கும். முதன்மைக் கதைக்கு 50 மணி நேரம், முக்கியமான துணைக் கதைகளோடு 100 மணி நேரம் ஆகும்.

இதைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில்தான் தோற்கிறார்கள். வெலன் பகுதியில் தெரியும் கேள்விக்குறிகளை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் கதைக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டு விஷயம் நடக்கும். முதலாவது, லெவல் ஏறிவிடும். குவெஸ்ட்டுக்குப் பரிந்துரைத்த லெவலைவிட ஆறு மேலே போய்விட்டால் அது சாம்பல் நிறமாகி அனுபவப் புள்ளி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். இரண்டாவது, ஸ்கெலிகே தீவுகளுக்குப் போகும்போது கடல் முழுக்கக் கேள்விக்குறி நிற்கும். பெரும்பாலானவை கடத்தல்காரர்கள் விட்டுப்போன பீப்பாய்கள். படகில் போய், பறக்கும் சைரன் அரக்கிகளைச் சுட்டு வீழ்த்தி, மூழ்கி எடுத்தால் விற்கத் தகுந்த துருப்பிடித்த வாள் கிடைக்கும். ஒன்றுக்குமேல் தேவையில்லை. 4.00-இன் இயல்பான வரைபட வடிகட்டி இந்தக் குறிகளை மறைத்தே வைக்கிறது, அதை மாற்றாதீர்கள்.

சிரமத்தின் அளவு நான்கு. எளிதான இரண்டில் தியானம் செய்தால் உயிர்நிலை முழுதாக ஏறிவிடும், மேலேயுள்ள இரண்டில் ஏறாது. அங்கே உணவும் ஸ்வாலோ மருந்தும்தான் துணை. கதைக்காக வருகிறவருக்கு இரண்டாம் நிலை சரியாக இருக்கும். விட்சராக வாழ்வது எப்படி என்று உணர வேண்டுமானால் மூன்றாம் நிலை. அதில் எண்ணெயும் மருந்தும் அலங்காரமாக இருக்காது. மருந்தை ஒருமுறை காய்ச்சினால் போதும், பையில் கடுமையான மது ஏதாவது ஒன்று இருந்தால் அடுத்தடுத்த தியானங்களில் குப்பிகள் தாமாக நிரம்பிவிடும். இது தெரியாமல் மதுவை எல்லாம் கடையில் விற்றுவிட்டு, குப்பி ஏன் நிரம்பவில்லை என்று குழம்புவது புதியவர்களுக்கு வழக்கம்.

வைட் ஆர்ச்சர்ட் ஊரிலேயே கிணற்றடிப் பேய் ஒப்பந்தத்தை எடுங்கள். அது இந்த ஆட்டத்தின் முழுப் பாடத்தையும் அரை மணி நேரத்தில் நடத்திவிடும். கைவிடப்பட்ட குடியிருப்பில், நடுப்பகலில் மட்டும் தோன்றும் உச்சிவேளைப் பேய் அது. தடயம் பார்த்து நடந்தால் கிணற்றுக்குள் தொங்கும் பெண்ணின் உடல் தெரியும். குதித்து அடியில் மூழ்கினால் அவள் கைவளை கிடைக்கும். உடலையும் வளையையும் சேர்த்துக் கொளுத்தினால்தான் பேய் வெளியே வரும். வெறும் வாளோடு நின்றால் வெட்டு உறைக்காது. வெள்ளி வாளில் ஆவி எண்ணெய் பூசி, தரையில் யெர்டன் மந்திரக் குறியின் வளையம் போட்டு, பேய் அதற்குள் வந்ததும் வெட்ட வேண்டும். வளையத்துக்குள் அதன் உருவம் கெட்டிப்படும். அவள் ஏன் கிணற்றில் தொங்கினாள் என்பதை அங்கே கிடக்கும் நாட்குறிப்பு சொல்லும். சண்டை முடிந்த பிறகும் அந்த வரிகள் மனதைவிட்டுப் போகாது.

ஸிரிக்காக ஆடுகிறவர் குறித்துவைக்க வேண்டிய இடம் மூடுபனித் தீவுக் குவெஸ்ட். அதைத் தொடங்கினால் சில துணைக் கதைகள் நிரந்தரமாக மூடிவிடும், ஆட்டமே எச்சரிக்கும். நோவிகிராடில் டிரிஸ், முன்னாள் உளவுத் தலைவன் டைக்ஸ்ட்ரா, ரோச் ஆகியோர் தருபவற்றை அதற்கு முன் முடியுங்கள். மன்னன் ரடோவிட்டைக் கொல்லும் சதிக் கதை திறப்பதும் வடநாடுகளுக்கும் நில்ஃப்கார்ட் பேரரசுக்கும் நடக்கும் போரில் யார் வெல்வார்கள் என்பதும் இவற்றை ஒட்டியவை. ஸிரி பேரரசி ஆவாளா என்பதும் அதில் அடங்கும்.

அதற்குப் பின் வரும் தேர்வுகள்தான் இந்தத் தொடரில் மிக நுட்பமாக வடிவமைக்கப்பட்டவை. கேர் மோர்ஹென் போருக்குப் பின் சோர்ந்திருக்கும் ஸிரிக்கு, எல்லாவற்றிலும் கெட்டிக்காரியாக இருக்கத் தேவையில்லை என்று சொல்லிக் குடிக்க அழைத்துப் போகலாம், அல்லது வெளியே இழுத்துப்போய்ப் பனிக்கட்டி எறிந்து விளையாடலாம். சூனியக்காரிகள் சங்கத்தோடு அவள் பேசப் போகும்போது கூடவே நுழையலாம், அல்லது தனியே போக விடலாம். அவளுக்கு ஆசானான எல்ஃப் அவல்லாக்கின் ஆய்வகத்தில் அவள் கோபத்தில் கொதிக்கும்போது அடக்கலாம், அல்லது உடைத்து நொறுக்க விடலாம். தன்னைக் காப்பாற்றிய ஸ்க்யாலின் கல்லறைக்குப் போக அவள் கேட்டால் நேரமில்லை என்று மறுக்கலாம், அல்லது கூடப் போகலாம். அவளைப் பெற்ற தந்தையான நில்ஃப்கார்ட் பேரரசர் எம்ஹிரிடம் அவளை அழைத்துப் போனால், அவர் நீட்டும் பணத்தை வாங்கலாம் அல்லது மறுக்கலாம்.

புள்ளிப் பட்டையோ நல்லது கெட்டது என்ற நிறமோ எங்கும் கிடையாது. நல்ல தேர்வுகளை அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே திசையில் இருக்கும்: அவளை நம்புவது, அவள் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது. பாதுகாக்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டே திரிந்தால், கடைசியில் அவள் திரும்பி வரமாட்டாள். வளர்ந்த பெண்ணைப் பெற்ற தகப்பன் எங்கே தவறுவானோ அங்கேதான் ஆட்டம் நம்மைச் சோதிக்கிறது, சோதிக்கிறது என்று சொல்லாமலேயே.

பெரும்பான்மை நல்லவையாக அமைந்து, எம்ஹிரிடம் போகாமல் நேராக வெலனுக்குப் போனால் ஸிரி விட்சர் ஆகிறாள். கெரால்ட் அவளுக்காகச் செய்வித்த வெள்ளி வாளை வைட் ஆர்ச்சர்ட் மதுக்கடையில் கொடுக்கிறான். நான்காம் பாகத்தோடு இயல்பாகப் பொருந்துவது இந்த முடிவே. முதல்முறை ஆடுகிறவர் இதை நோக்கி ஆடுவதில் தவறில்லை, ஆனால் வழிகாட்டிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடாதீர்கள். மேலே சொன்ன திசை மனதில் இருந்தால் போதும்.

கூடுதல் கதைகளில் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் 32-ஆம் லெவலுக்கும், பிளட் அண்ட் வைன் 34-ஆம் லெவலுக்கும் உரியவை. முறையே 10 மணி நேரம், 20 மணி நேரம் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. இரண்டும் அருமையானவை. ஆனால் ஸிரியின் கதையை இவை நகர்த்துவதில்லை. நேரம் குறைந்தால் முதலில் விடவேண்டியவை இவைதாம். நேராக இவற்றை மட்டும் தொடங்கும் வசதியும் ஆட்டத்தில் உண்டு. நான்காம் பாகத்துக்காக வருகிறவர் அந்தக் குறுக்கு வழியில் போனால் வேண்டியது கையில் கிடைக்காது.

மூலக் கதைகள் முதலில்

ஸிரியை உண்மையாகவே அறிய வேண்டுமென்றால் புத்தகங்களுக்கு ஈடில்லை. ஆட்டத்தில் அவள் முகத்தில் தெரியும் வடு எப்படி வந்தது, பாலைவனத்தில் அவள் தன் மந்திர சக்தியை ஏன் துறந்தாள், கெல்பி எப்படி அவளிடம் சேர்ந்தது என்பதெல்லாம் அங்கேதான் விரிவாக இருக்கிறது. நான்காம் பாகத்தில் அவள் மீண்டும் மந்திரம் கையாள்வதைப் பார்க்கும்போது, அந்தப் பாலைவனப் பகுதியைப் படித்தவரும் படிக்காதவரும் ஒரே காட்சியை வெவ்வேறு கனத்தோடு பார்ப்பார்கள்.

எந்த வரிசை என்பதில்தான் தடுமாற்றம். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள், பிறகு ஐந்து நாவல்கள், 2013-இல் போலிஷ் மொழியில் வந்த சீசன் ஆஃப் ஸ்டார்ம்ஸ் எல்லாவற்றுக்கும் கடைசியில். பலர் ஐந்தில் முதலாவதான பிளட் ஆஃப் எல்வ்ஸில் தொடங்கிவிட்டு, இந்தச் சிறுமி யார், கெரால்ட்டுக்கு இவள்மேல் ஏன் இவ்வளவு பாசம் என்று விழிப்பார்கள். குற்றம் ஆங்கிலப் பதிப்புகள் வந்த வரிசையில் இருக்கிறது. முதல் தொகுப்பு 2007-இலும் பிளட் ஆஃப் எல்வ்ஸ் 2008-இலும் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. கெரால்ட்டும் ஸிரியும் முதன்முதலாகச் சந்திக்கும் இரண்டாம் தொகுப்பான ஸ்வோர்ட் ஆஃப் டெஸ்டினி 2015-இல்தான் வந்தது. நடுவில் ஏழு ஆண்டுகள் ஆங்கில வாசகர்கள் அந்தச் சந்திப்பு இல்லாமலேயே கதையைத் தொடர்ந்தார்கள்.

ஏழு புத்தகங்களும் மூன்றாம் பாகமும் சேர்ந்தால் எட்டு ஒன்பது மாத வேலை. படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இதுவே நான்கில் சிறந்த வழி. பேருந்திலும் ரயிலிலும் படிக்கலாம் என்பதால் ஆட்ட நேரத்தைத் தின்னாது என்பது இன்னொரு நன்மை.

நேராக நான்காம் பாகம்

இதைத் தவறு என்று சொல்ல மாட்டோம். புதிய தொடர்வரிசையின் முதல் ஆட்டமாகவே இதைக் கட்டுகிறார்கள். இரண்டு பாகங்களையும் தொடாமல் மூன்றாம் பாகத்தில் நுழைந்து ஒரு குறையும் உணராதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பதினைந்து மணி நேரமாவது தர முடியும் என்றால், காணொளிச் சுருக்கங்களைத் தேடிப் போகாமல் மூன்று சிறுகதைகளைப் படியுங்கள்: முதல் தொகுப்பில் எ குவெஸ்சன் ஆஃப் பிரைஸ், இரண்டாம் தொகுப்பில் ஸ்வோர்ட் ஆஃப் டெஸ்டினி, சம்திங் மோர். கெரால்ட் விளையாட்டாகக் கேட்ட வரம் எப்படி இந்தப் பெண்ணாக அவன் வாழ்க்கையில் வந்து நின்றது என்பது இரண்டு மாலைகளில் தெரிந்துவிடும். மிச்ச நேரத்தில் மூன்றாம் பாகத்தின் வைட் ஆர்ச்சர்டை ஆடிப் பார்க்கலாம்.

கருவி, முன்பதிவு

விட்சர் 4-க்காக இப்போதே கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டாம். சாதாரண பிஎஸ்5-இல், ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்குடன், நொடிக்கு 60 பிரேமில் ஓடியது தொழில்நுட்ப விளக்கம் மட்டுமே, ஆட்டத்தின் பகுதி அல்ல. தயாரிப்பாளரே அப்படித்தான் சொன்னார்கள். கணினிக்காரர்கள் கவனிக்க வேண்டியது சராசரி பிரேம் எண்ணிக்கையைவிட நடுநடுவே வரும் குலுக்கலை. அன்ரியல் 5 ஆட்டங்களில் இது இரு விதம்: புதிய காட்சி முதன்முதல் தெரியும்போது அதற்கான ஷேடரை (காட்சியை வரையும் சிறு நிரலை) அந்தக் கணத்தில் தொகுப்பதால் வருவது ஒன்று, குதிரையில் வேகமாகப் போகும்போது உலகின் அடுத்த துண்டு ஏறுவதால் வருவது இன்னொன்று. இரண்டாவதைச் சரிசெய்யத்தான் ஃபாஸ்ட்ஜியோ என்ற புதிய முறையை அந்த விளக்கத்தில் காட்டினார்கள். திறந்த உலகத்தில் குதிரை ஓட்டுவதே பாதி ஆட்டம் என்பதால் இது பெரிய விஷயம்.

மூன்றாம் பாகத்துக்குப் பழைய லேப்டாப் போதும். தொடக்கத் திரையில் டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுத்து, முடியைத் தத்ரூபமாகக் காட்டும் ஹேர்வொர்க்ஸை அணைத்து, புல்பூண்டு தெரியும் தூரத்தை ஒரு படி இறக்கினால் ஓட்டம் கணிசமாக இலேசாகும். 12-ஆம் பதிப்பு ரே டிரேசிங் வேண்டுகிறவர்களுக்கு.

முன்பதிவு தேவையில்லை. இதே நிறுவனத்தின் சைபர்பங்க் 2077 வெளியான 2020 டிசம்பரில், பிஎஸ்4-இல் ஓடிய நிலையைப் பார்த்து சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. மறுபடி வந்தது 2021 ஜூனில். பிற்பாடு உழைத்து அதை அருமையான ஆட்டமாக்கினார்கள் என்பதும் உண்மை. உங்கள் கருவியில் எப்படி ஓடுகிறது என்று சோதனைகள் வரும்வரை ஒரு வாரம் பொறுத்தால் இழப்பு எதுவும் இல்லை.

சேவ் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்

மூன்றாம் பாகம், கணினியில் இரண்டாம் பாகத்தின் சேவ் கோப்பை ஏற்றுக்கொள்ளும். கன்சோலில் ஆடுகிறவர்களுக்கும் சேவ் இல்லாதவர்களுக்கும் புதிய ஆட்டம் தொடங்கும்போது இரண்டாம் பாக சேவ் இருப்பதாகப் பாவிக்கும் வசதி உண்டு. அதை இயக்கியிருந்தால், விசிமா அரண்மனையில் கெரால்ட்டுக்கு முகச்சவரம் செய்யும் காட்சியில் படைத்தலைவன் மோர்வ்ரன் வோர்ஹிஸ் எதிரே உட்கார்ந்து பழைய கதையைக் கேட்பான்: ரோச்சா, யோர்வெத்தா? மன்னர்களைக் கொலைசெய்த லெத்தோவைக் கொன்றாயா? சவரக் கத்தி தொண்டையில் நகரும்போது ஐந்து பதில்களில் முந்தைய ஆட்டம் முழுவதும் இதில் ஏறிவிடும். லெத்தோவை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அவன் வெலனில் ரியர்டன் பண்ணையில் உயிரோடு எதிர்ப்படுவான், கேர் மோர்ஹென் போருக்கும் அழைக்கலாம். புதியவர்கள் அந்த வசதியை இயக்கி, அந்தப் பதிலையே சொல்லட்டும்.

உங்கள் மூன்றாம் பாக ஆட்டம் முடிந்ததும், கணினியில் டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் தி விட்சர் 3 என்ற போல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் கேம்சேவ்ஸை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். மூடுபனித் தீவுக்கு முன் கையால் எடுத்த சேவ் அதில் தனியாக இருக்கட்டும். ஸிரி பேரரசியாகும் முடிவை இன்னொரு மாலையில் அங்கிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.